ஊசியும் இசைத்தட்டும்

முன்னோர் விட்டுச் சென்ற பொருளைப் போற்ற வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் போற்றுவது என்றால் என்ன என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. ஒரு பொருளை இருந்தது இருந்தபடியே வைத்திருப்பது போற்றுதலா? அல்லது, எந்தப் பணிக்காக அது ஏற்பட்டதோ அந்தப் பணியை அது தொடர்ந்து செய்யுமாறு, தேய்ந்ததை நீக்கிப் புதியதைச் சேர்த்துக் காப்பது போற்றுதலா? முதல் வழியே அன்புடையார் வழி என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைத் திருத்தியது நூலும் அன்று, சொற்பொழிவும் அன்று. என் தந்தையார் வாங்கிய பழைய இசைத்தட்டுக் கருவி ஒன்றைப் பழுது பார்க்க முயன்றபோது நான் செய்த பிழையே அதைத் திருத்தியது. அப்பிழையை ஒளிக்காமல் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் 1958ஆம் ஆண்டில் கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவுக்கு எழுத்தர் வேலைக்கு வந்தவர். பதினான்கு ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், 1972இல் அந்தக் கருவியை வாங்கினார். மூடியிலேயே ஒலிபெருக்கி பொருத்திய பெட்டி அது. சனிக்கிழமை மாலையில் அது பாடத் தொடங்கினால், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எங்கள் சிறிய கூடத்தில் வந்து அமர்ந்துவிடும். என் அன்னையார் விரும்பிக் கேட்டது ஒரு நாகசுரத் தட்டு. கோயிலுக்கு அடுத்த தெருவில் பிறந்து வளர்ந்தவர் அவர். கல்கத்தாவின் டிராம் ஓசைக்கு நடுவே அந்த நாகசுரம் எழும்போது, அவர் கையில் இருந்த வேலை தானாக நின்றுவிடும்.

நாங்கள் குடியேறிய இந்நகருக்கும் இசைத்தட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. எமில் பெர்லினர் 1887இல் தட்டு வடிவக் கிராமபோனை உருவாக்கினார். அதன் பின் பதினைந்தே ஆண்டுகளில், 1902ஆம் ஆண்டில், கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடல்கள் பதிவாயின. 1908இல் சியால்தாவில் இசைத்தட்டு ஆலை ஏற்பட்டது. பின்னாளில் அது டம்டமுக்கு மாறியது. சென்னையில் பாடிய பாட்டு டம்டமில் தட்டாக அச்சாகி, மீண்டும் தமிழ்நாட்டுக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. ஊரை விட்டு வந்த பாட்டும் ஊரை விட்டு வந்த மனிதரும் சந்தித்த இடம் இது என்று தந்தையார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அவர் 1996இல் மறைந்தார். கருவியை ஒரு துணியால் மூடி அலமாரியின் மேல் வைத்தோம். இருபத்திரண்டு ஆண்டு அது அங்கேயே இருந்தது. 2018ஆம் ஆண்டில், எண்பதைக் கடந்த என் அன்னையார், அந்த நாகசுரத்தை மறுபடியும் ஒருமுறை கேட்க வேண்டும் என்றார். இறக்கித் தூசு தட்டி மின்னிணைப்புக் கொடுத்தேன். சுழல்தட்டு சுழன்றது, ஆனால் வந்தது நாகசுரம் அன்று. சுருதி இறங்கிக் குழைந்து அழுதது. இடையிடையே கதவை யாரோ தட்டுவது போல் ஓர் அதிர்ச்சி. எல்லாவற்றுக்கும் அடியில் ஓயாத இரைச்சல். என் மனம் உடனே ஒரு தீர்ப்பை எழுதிவிட்டது: தட்டு பழையது, அதுதான் கெட்டுவிட்டது.

பழுது கண்ட இடத்தில் நாம் முதலில் குறை சொல்வது பெரும்பாலும் குற்றமற்ற ஒன்றைத்தான். கண்ணுக்கு எது முதலில் தெரிகிறதோ, எது வாய் திறந்து மறுக்காதோ, அதன்மேல் பழியைப் போடுகிறோம். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு ஒரு வரிசை வகுக்கிறார். நோய் இன்னது என்று ஆராய்வது முதற்படி. அதன் காரணத்தை ஆராய்வது அடுத்த படி. அதன் பிறகுதான் தணிக்கும் வழியும் மருந்தும். அந்த வரிசை கருவிக்கும் பொருந்தும் என்பதை எனக்குக் காட்டியவர், சாந்தினி சந்தையின் ஒரு சந்தில் சிறு கடை வைத்திருந்த வங்காளி மிஸ்திரி ஒருவர். அவர் தட்டைத் தொடவே இல்லை. மின்சாரம் நுழையும் இடத்தில் தொடங்கி, ஒலி வெளியேறும் இடம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், தாதா. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது நோய், எது மருந்து என்று ஒருநாளும் தெரியாது என்றார்.

முதலில் மோட்டார். அதன் தண்டில் இட்டிருந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் காய்ந்து மெழுகாக இறுகியிருந்தது. அதைத் துடைத்து நீக்கிப் புதிய எண்ணெய் ஒரே ஒரு துளி இட்டார். அடுத்து ரப்பர் சக்கரம். அவ்வகைக் கருவியில் மோட்டார் சுழல்தட்டை நேராகச் சுழற்றுவதில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு சிறிய ரப்பர் சக்கரம் அழுந்தி நின்று சுழற்சியைக் கடத்துகிறது. கேட்டு முடிந்ததும் வேகத் திருகை எந்த வேகமும் இல்லாத நிலைக்குத் திருப்பிவிட்டால், சக்கரம் விலகி ஓய்வெடுக்கும். தந்தையார் ஒருநாளும் அதை மறந்ததில்லை. அவருக்குப் பின் அலமாரியில் ஏற்றியபோது நான்தான் மறந்தேன். இருபத்திரண்டு ஆண்டு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்த சக்கரத்தில் பள்ளம் விழுந்திருந்தது. கதவைத் தட்டுவது போல் கேட்ட ஒலி அந்தப் பள்ளத்தின் ஒலி. மிஸ்திரி அதற்குப் புதிய ரப்பர் போட்டு, கடைசல் பிடித்து வட்டமாக்கித் தந்தார். இரைச்சலுக்குக் காரணம் உள்ளே உலர்ந்துபோன கண்டென்சர்கள், அவையும் மாறின.

இப்போது வேகம் சரியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. மிஸ்திரி ஒரு காகித வட்டத்தைச் சுழல்தட்டின் மேல் வைத்தார். அதன் விளிம்பில் 180 கறுப்புக் கோடுகள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைவது. பழைய சோக் பொருத்திய குழல்விளக்கு அதனால் நொடிக்கு 100 முறை, நிமிடத்துக்கு 6000 முறை மின்னி அடங்குகிறது. தட்டு நிமிடத்துக்குச் சரியாக முப்பத்து மூன்றே மூன்றில் ஒரு சுற்றுச் சுழன்றால், அந்த 180 கோடுகளும் விளக்கொளியில் அசையாமல் நிற்பது போல் தோன்றும். வேகம் குறைந்தால் கோடுகள் பின்னோக்கி நகரும். மிகுந்தால் முன்னோக்கி நகரும். வீட்டில் இப்போது உள்ள எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இது தெளிவாகத் தெரியாது. அவர் கடையின் பழைய குழல்விளக்கில் நன்றாகத் தெரிந்தது. கோடுகள் மெல்லப் பின்னோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. வேகம் ஆறு விழுக்காடு குறைந்தால் சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் இறங்கிவிடும். அவ்வளவு இல்லாவிட்டாலும் குறை இருந்தது. என் செவிதான் அதற்குப் பழகிவிட்டது. பழகிப்போனதைச் சரியானது என்று மனம் கொள்வது எத்தனை இயல்பு! மிஸ்திரி சுழல்தட்டின் உள்விளிம்பில் படிந்திருந்த எண்ணெய்ப் பசையை ஸ்பிரிட்டால் துடைத்தார். கோடுகள் நின்றன.

கடைசியாக ஊசி. மிஸ்திரி உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதைப் பார்த்து, இது தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்றார். இங்கேதான் என் பிழை தொடங்குகிறது. எண்ணெயும் ரப்பரும் கண்டென்சரும் மாறியதைத் தாங்கிக்கொண்ட நான், ஊசியை மாற்ற இசையவில்லை. அது தந்தையார் தம் கையால் பொருத்திய ஊசி. அவர் கடைசியாகக் கேட்ட பாட்டைத் தொட்டது அது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், பிறகு இது எப்படி அவருடைய கருவி ஆகும்? இந்த ஒன்றாவது இருக்கட்டும் என்றேன். மிஸ்திரி வற்புறுத்தவில்லை.

கருவி வீட்டுக்கு வந்தது. அன்னையார் நாகசுரம் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளும் அதே தட்டு, அதற்கடுத்த நாளும் அதே தட்டு. இரண்டு மாதம் சென்றது. ஒருநாள் அவர், "வாசிப்புக்குப் பின்னால் யாரோ அரிசி களைகிற மாதிரி கேட்கிறதே" என்றார். எனக்கு அது கேட்கவில்லை. அல்லது கேட்க விரும்பவில்லை. மேலும் சில வாரம் சென்ற பின்பே தட்டை மிஸ்திரியிடம் கொண்டு போனேன். அவர் அதை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். மற்றத் தட்டுகள் கரிய பட்டுப்போல் மின்ன, இதன்மேல் மட்டும் சாம்பல் பூத்திருந்தது.

இதில் நடப்பது இதுதான். இசைத்தட்டின் வரிகள் நுண்ணிய பள்ளங்கள். அவற்றின் சுவர்களில் உள்ள நெளிவுகளே ஒலி. இருபத்திரண்டு நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் ஊசிமுனை ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தூரம் வழி நடக்கிறது. அந்நாளைய கருவிகளில் பலவற்றில் இருந்தது செயற்கை நீலக்கல் முனை; சில பத்து மணி நேரம் ஓடினால் அது தேய்ந்துவிடும். வைரமுனை பல நூறு மணி தாங்கும். அதுவும் என்றேனும் தேயும். உருண்டையாக இருந்த முனை தேயும்போது, இருபுறமும் தட்டையாகி உளியின் வாய் போல் ஆகிறது. அப்போது அது வரியைப் பின்பற்றுவதில்லை, வரியைச் செதுக்குகிறது. ஊசியை மாற்றிவிடலாம், செதுக்குண்ட வரியை யாராலும் மீட்க முடியாது. அன்பின் பெயரால் நான் வைத்துக்கொண்ட ஊசி, என் அன்னையாரின் நாகசுரத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டிருந்தது.

எந்த வகை ஊசி வாங்குவது என்று அறிவதற்காகத் தந்தையாரின் மேசை இழுப்பறையைத் துழாவினோம். என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு சிறு தகரப்பெட்டியை அவள்தான் கண்டெடுத்தாள். உள்ளே உறை பிரிக்காத ஊசி ஒன்றும், நான்காக மடித்த காகிதம் ஒன்றும் இருந்தன. மகள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: ஊசி மாற்றிய நாள். அதன் கீழே பென்சிலால் எழுதிய பதினான்கு தேதிகள். முதலாவது 1973 மார்ச்; கடைசி 1994 ஆகஸ்டு.

நான் தந்தையாரின் ஊசி என்று எதை வணங்கினேனோ, அது அவருக்குப் பதினான்காவது முறை மாற்றப்பட்ட ஊசி, அவ்வளவுதான். பதினைந்தாவதையும் அவரே வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய அன்பு ஊசியின் மேல் இருந்ததில்லை. தட்டின் மேல் இருந்தது, தட்டைக் கேட்பவர் மேல் இருந்தது. நான் அவர் விட்டுச் சென்ற பொருளைப் பற்றிக்கொண்டு, அவர் விட்டுச் சென்ற வழக்கத்தைக் கைவிட்டேன்.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும் என்றால், எல்லாவற்றையுமே மாற்றிவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். என் உறவினர் ஒருவர் அவ்வாறே கேட்டார். இந்தப் பெட்டியை விற்றுவிடு. அம்மாவுக்குக் கைப்பேசியில் அதே நாகசுரத்தைப் போட்டுக் காட்டு என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேட்பதற்கு மட்டும் என்றால் கைப்பேசி போதும். அதனை நான் இகழவும் மாட்டேன். ஆனால் பழுது பார்த்தால் பணி செய்யக்கூடிய ஒன்றை, நம் உழைப்பைச் சிக்கனம் செய்வதற்காகத் தள்ளிவிடுவது வேறு. அது இனிப் பணி செய்ய இயலாது என்று கண்டு விடை கொடுப்பது வேறு. முன்னதில் ஒரு சோம்பல் மறைந்திருக்கிறது. அந்தச் சோம்பலுக்குப் பொருள்கள் மட்டும் இரையாவதில்லை; முதியோரும் இரையாகிறார்கள்.

ஆகவே, மாற்றலாமா கூடாதா என்று பொதுவில் கேட்பதே பயனற்றது. எதை என்று கேட்க வேண்டும். அந்தக் கருவியின் முன் அமர்ந்து நான் கண்ட வரையில், அதில் மூன்று வகைப் பொருள்கள் உள்ளன. மூடியின் மேல் ஒரு கீறல் இருக்கிறது. திருகின் விளிம்பு உடைந்திருக்கிறது. மிஸ்திரி அவற்றை மெருகிட்டுத் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். அந்தப் பழமை எவருக்கும் தீங்கு செய்வதில்லை; அன்புக்காக அது இருக்கலாம். இரண்டாவது, ஊசியும் ரப்பரும் எண்ணெயும். இவை தேய்வதற்கென்றே பிறந்தவை. இவற்றை மாற்றாமல் இருப்பது, இவை தொடுகின்ற எல்லாவற்றையும் கெடுக்கும். மூன்றாவது, தட்டின் வரியும் அது சுழல வேண்டிய வேகமும். இவற்றில் நம் வசதிக்காக இம்மியும் மாற்றம் செய்யக் கூடாது. இந்த மூன்றாவதைக் காக்கத்தான் இரண்டாவதை மாற்றுகிறோம். நான் இரண்டாவதை முதலாவது என்று எண்ணி மயங்கினேன்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இந்த மயக்கத்துக்கு எளிதில் ஆளாகிறோம் என்று அஞ்சுகிறேன். ஊரை விட்டு வந்தபோது கையில் கொண்டுவந்ததை எல்லாம் ஒரே தன்மையாகப் பற்றிக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது: வாசலுக்கு உள்ளே வங்காளிச் சொல் வரக் கூடாது. 1960களில் தந்தையார் வகுத்த விதி அது. தெருவெல்லாம் வங்காளம், வீட்டில் நான்கு பேர் என்ற அந்நாளில் அதற்குப் பயன் இருந்தது; அதனால்தான் எனக்குத் தமிழ் வந்தது. அதே விதியை என் மகளின் மேல் நான் இன்னும் அழுத்தமாக வைத்தேன். அவள் தமிழ் வாக்கியத்தின் நடுவே ஒரு வங்காளிச் சொல் விழுந்தால் சிரித்தேன். ழகரம் பிசகினால் உறவினர் முன்னிலையில் திருத்தினேன். நாளடைவில் அவள் என்னிடம் ஆங்கிலத்தில் மட்டும் விடை சொல்லத் தொடங்கினாள். தமிழைக் காக்கிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தகரப்பெட்டிக் காகிதத்தைத் தயங்கித் தயங்கி அவள் படித்தபோதுதான், அவள் வாயிலிருந்து தமிழ் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தேன்.

அன்று நான் அவளைத் திருத்தவில்லை. திருத்துவதே தவறு என்பது என் கருத்தன்று. சுருதி இறங்கினால் அதைச் சரி செய்யத்தான் வேண்டும். ஆனால் குழந்தையின் மனமும் ஒருமுறையே அச்சாகும் வரி. அதைத் தொடுகின்ற முனை கூர்மையாக இருக்கிறதா, தேய்ந்து உளியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு தொடுகின்றவருடையது. அதன் பின் வீட்டில் அவள் எந்தச் சொல்லைக் கலந்தாலும் பேச்சை நிறுத்தாமல் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். மீண்டும் அவள் தமிழில் பேச ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. முன்பிருந்த கூச்சம் முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

தந்தையார் வாங்கி வைத்திருந்த ஊசியை அன்றே பொருத்தினோம். மற்றத் தட்டுகள் தெளிவாகப் பாடின. நாகசுரத் தட்டில் மட்டும் அந்தச் சரசரப்பு அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது. நான் செய்த தவற்றை அன்னையாரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, "வாசிப்பு எங்கேயும் போகவில்லை, அரிசி களைகிறவள் பாட்டுக்குக் களையட்டும்" என்றார். 2021இல் மறையும் வரை அவர் அந்தத் தட்டை அப்படித்தான் கேட்டார். மன்னிப்புக் கிடைத்தது; வரி மீளவில்லை. இரண்டும் உண்மை என்பதை ஒவ்வொரு முறை அது பாடும்போதும் உணர்கிறேன்.

இம்மலரைப் படிக்கும் அன்பர் பலர் வீட்டிலும் அலமாரியின் மேல் இத்தகைய பெட்டி ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். அதனை இறக்க எண்ணினால், தட்டை வைக்கும் முன் ஊசியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தக் காகிதம் மறுபடியும் தகரப்பெட்டியிலேயே இருக்கிறது. பதினான்கு தேதிகளுக்குக் கீழே பதினைந்தாவதை என் மகள் எழுதியிருக்கிறாள். ஆகஸ்டு என்பதில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. அதை நான் அப்படியே விட்டுவிட்டேன்.